தஞ்சையில் ஒரு நாள்: பெரிய கோயிலும் கலைக்கூடமும்

கேள்வி: அம்மாவையும் பன்னிரண்டு வயது மகனையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் பயணமாகத் தஞ்சாவூர் போகிறேன். பெரிய கோயிலுடன் அரண்மனைக் கலைக்கூடத்தையும் பார்க்க ஆசை. எதை முதலில் பார்ப்பது? அருங்காட்சியகம் என்றாலே பையன் முகம் சுளிக்கிறான். அம்மாவோ சாமி சிலையைக் கண்டால் பூ வைக்காமல் நகர மாட்டார். அங்கே அதற்கு அனுமதி உண்டா?

பதில்: கோயிலுக்கே முதலில் போங்கள், அதுவும் விடிந்த கையோடு. வெயில் ஏறிவிட்டால் பிராகாரத்துக் கல்தரையில் உங்கள் அம்மாவால் வெறுங்காலோடு நடக்க முடியாது. நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். காலை உணவை முடித்துக்கொண்டு ஆட்டோ பிடித்தால் சற்று நேரத்தில் அரண்மனை வாசலில் இருப்பீர்கள்.

இந்த வரிசைக்கு வெயிலைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கோயிலில் உற்சவரைப் பட்டும் மாலையும் சாற்றிய கோலத்தில்தான் பார்ப்போம். முகமும் கையும் தெரிந்தால் அதிகம். கலைக்கூடத்தில் இருக்கும் செப்புத் திருமேனிகள் பலவும் ஒரு காலத்தில் அப்படி அலங்காரத்தோடு வீதியுலா போனவைதான். பீடத்தை உற்றுப் பாருங்கள்: தூக்கிச் செல்லும் தண்டுகளைக் கோப்பதற்கான துளைகளோ வளையங்களோ இருக்கும். காலையில் கோயிலில் உற்சவரைப் பார்த்த கண்ணுக்கு இது சட்டென்று பிடிபடும்.

ஒரே ஒரு சிலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், திருவெண்காட்டிலிருந்து வந்த சிவன் சிலையான ரிஷபவாகனரின் முன்னால் போய் நில்லுங்கள். காலைப் பின்னிக்கொண்டு, தலைப்பாகை போலச் சடையைச் சுருட்டிக் கட்டி, எதன் மீதோ சாய்ந்தவாறு நிற்கிறார். சாய்ந்த இடத்தில் ஒன்றுமில்லை. அங்கே இருந்த காளை கிடைக்கவில்லை. பையனிடம் முதலில் எதையும் சொல்லாமல், "இவர் எதன் மேல் சாய்ந்திருக்கிறார்?" என்று கேட்டுப் பாருங்கள். சோழர் காலத்துச் செப்புச் சிலைகளில் ஆண்டு உறுதியாகத் தெரிந்தவை மிகச் சில. இது அவற்றில் ஒன்று. திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டு, முதலாம் ராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1011இல், இந்தத் திருமேனியைக் குறிப்பிடுகிறது. நீங்கள் காலையில் அண்ணாந்து பார்த்த விமானத்துக்கு 1010இல் கலசம் ஏறியது. இரண்டுக்கும் ஓராண்டுதான் இடைவெளி. பக்கத்தில் நிற்கும் தேவி அதற்கு அடுத்த ஆண்டு வந்தவர்.

திருவெண்காட்டுச் சிலைகள் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவை. படையெடுப்புக் காலங்களில் கோயில்காரர்கள் இப்படிப் புதைத்துவைப்பது வழக்கம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மண்ணில் கிடைப்பதைக் கலெக்டரிடம் தெரிவித்தாக வேண்டும். பல சிலைகள் கோயிலுக்குத் திரும்பாமல் அருங்காட்சியகங்களுக்கு வந்தது இந்த வழியில்தான். இதில் வருத்தப்படவும் இடமுண்டு, ஆறுதலடையவும் இடமுண்டு. பல நூற்றாண்டுகள் தொடர்ந்து அபிஷேகம் கண்ட சிலைகளில் மூக்கும் விரலும் அணிகளும் தேய்ந்து மழுங்கிவிடும். மண்ணுக்குள் இருந்தவற்றில் சிற்பியின் உளி பட்ட இடம் இன்னும் கூர்மையாகத் தெரியும். சுற்றிவர இடமிருந்தால் பின்பக்கமும் போங்கள். தலைக்குப் பின்னால் வட்டமாக இருக்கும் சிரசக்கரமும் பிடரியில் தொங்கும் சடையும் ஆடை முடிச்சும் அங்கேதான் இருக்கின்றன. பெரும்பாலோர் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

பையனுக்குத் தேடல் விளையாட்டு ஒன்று கொடுங்கள். காலில் பாதக்குறடு அணிந்த சிவன் எங்கே? அவர் பிச்சை ஏற்கும் கோலத்தில் இருக்கும் பிட்சாடனர். மானும் மழுவும் யார் கையில், சங்கும் சக்கரமும் யார் கையில்? கற்சிலைகளில் யானையைக் கொன்ற கோலத்துச் சிவனான தாராசுரத்துக் கஜசம்ஹாரமூர்த்தியைத் தவறவிட வேண்டாம். உரித்த யானைத் தோலுக்கு நடுவே உடலை முறுக்கித் திரும்பி நிற்கிறார். அந்தச் சுழற்சியைப் பார்த்தால் கல் என்பதே மறந்துபோகும். பலகையில் இருப்பதையெல்லாம் அவனை உரக்கப் படிக்கவைக்க வேண்டாம். ஒன்றரை மணி நேரத்தோடு வெளியே வந்துவிடுங்கள்.

உங்கள் அம்மா தாராளமாகக் கைகூப்பிக் கும்பிடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். பூ, குங்குமம், விபூதி, கற்பூரம் எதுவும் கூடாது; தொடவும் கூடாது. வியர்வையில் உள்ள உப்பு செம்புக் கலவையை அரிக்கும். குளோரைடு உள்ளே புகுந்துவிட்டால் வெளிர்பச்சைப் பொடியாக உதிரத் தொடங்கும். இதை வெண்கல நோய் என்பார்கள். காற்றில் ஈரம் இருக்கும்வரை அரிப்பு உள்ளுக்குள் பரவிக்கொண்டே போகும். காரணத்தைச் சொன்னால் அம்மாவே பூவைப் பையில் வைத்துவிடுவார். அந்தப் பூவைக் காலையில் கோயிலிலேயே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

அரண்மனை வளாகத்தில் கலைக்கூடம், தர்பார் மண்டபம், சரசுவதி மகால் நூலகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் விடுமுறையையும் உணவு இடைவேளையையும் விசாரித்துவிடுங்கள். அரண்மனைக் கோபுரத்தில் ஏற அன்று அனுமதி இருந்தாலும் அம்மாவைக் கீழேயே உட்காரவையுங்கள், படிகள் செங்குத்தானவை. சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளையும் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி சேர்த்த நூல்களையும் படங்களையும் காட்டும் சிறு காட்சிக்கூடம் இருக்கிறது. களைப்பு மிஞ்சினால் அதை மட்டும் விட்டுவிடலாம். கலைக்கூடத்தை விட வேண்டாம்.