திருத்தம் யாரிடம் போய்ச் சேர்கிறது?

அன்புள்ள ஐயா,

இணையச் செய்தித் தளம் ஒன்றில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். எந்தச் செய்தியை இந்த நொடியில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற எண் எதிரே உள்ள திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். ‘முதலில் போடு, தவறென்றால் திருத்திக்கொள்ளலாம், அச்சில்தான் அது முடியாது’ என்கிறார்கள் மூத்தவர்கள். இது சரிதானா?

க.

அன்புள்ள க.,

திருத்த முடியும் என்பது உண்மைதான். ஆனால் நாம் திருத்துவது நம் தளத்தில் உள்ள பக்கத்தை மட்டுமே. படித்துவிட்டுப் போனவரின் மனத்தில் பதிந்ததும், ஸ்கிரீன்ஷாட்டாகக் கைமாறிப் போனதும் அப்படியேதான் இருக்கும்.

2013 ஏப்ரல் 23 அன்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கில் ஊடுருவியவர்கள், வெள்ளை மாளிகையில் இரண்டு குண்டுகள் வெடித்து ஒபாமா காயமடைந்ததாக ஒரு வரி எழுதினார்கள். சில நிமிடங்களில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு 140 புள்ளிகளுக்கு மேல் சரிந்து, மறுப்பு வந்ததும் மீண்டது. பணம் போட்டவர்கள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்ததால் அங்கே மறுப்பு உடனே போய்ச் சேர்ந்தது. செய்தியில் பெயர் அடிபட்ட ஒரு சாதாரண மனிதருக்காக அப்படி யார் காத்திருக்கிறார்கள்?

ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2018இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்பதும், அதற்குத் தானியங்கிக் கணக்குகளைவிட மனிதர்களே காரணம் என்பதும் அவர்கள் கண்டவை. பொய்யில் இருக்கும் புதுமை மனிதரை ஈர்க்கிறது என்றால், திருத்தத்தில் அந்தப் புதுமைக்கு இடமே இல்லை.

என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் முன்பு பணியாற்றிய இடத்தில், சிகிச்சையில் இருந்த ஒருவர் இறந்துவிட்டதாகச் செய்தி போட்டோம். மருத்துவமனையை ஒருமுறை அழைத்துக் கேட்டிருந்தால் போதும். மற்றவர்கள் போட்டுவிட்டார்கள் என்ற பதற்றத்தில் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் அவருடைய மகள் அழைத்தார். “அப்பா விழித்துத்தான் இருக்கிறார். உறவினர்கள் கிளம்பிவிட்டார்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்” என்றார். நாங்கள் செய்ய வேண்டிய திருத்தத்தை அந்தப் பெண் தனியாகச் செய்துகொண்டிருந்தார். நாங்களோ ஒரு வார்த்தையும் எழுதாமல் பக்கத்தை நீக்கினோம். தவறான செய்தியைப் போட்டதைவிட, அப்படிச் சத்தமில்லாமல் நீக்கியதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

எனவே, போடுவதற்கு முன் ‘இதைச் சொன்னவர் நேரில் பார்த்தாரா?’ என்று ஒருமுறை கேளுங்கள். படம் வந்தால், அது முன்பே வேறெங்காவது வெளியானதா என்று படத் தேடலில் பாருங்கள். பெயர்ப்பலகையின் எழுத்தையும், வாகனங்கள் சாலையின் எந்தப் பக்கம் போகின்றன என்பதையும் கவனித்தாலே பல பொய்கள் பிடிபடும். அதையும் மீறித் தவறினால், எது தவறு, எப்போது திருத்தப்பட்டது என்பதை அதே பக்கத்தின் தலையிலேயே எழுதி, செய்தியைப் பகிர்ந்த எல்லாக் கணக்குகளிலும் திருத்தத்தையும் பகிருங்கள்.

கடந்த ஒரு மாதத்தில் உங்கள் தளத்தில் மாற்றப்பட்ட தலைப்புகளை எடுத்து, எத்தனை பக்கங்களில் அந்த மாற்றம் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எதிரே உள்ள திரை காட்டாத அந்த எண்ணை உங்கள் மூத்தவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.