போப் ஐயர் கல்லறையில் என்னதான் எழுதியிருக்கிறது?

கேள்வி: எங்கள் ஊரில் போப் ஐயர் பேரில் கல்லூரியே இருக்கிறது. அவர் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று எழுதியிருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். காலேஜில் படிக்கும் என் பேரன், "அப்படி ஒரு வரியே கிடையாது தாத்தா" என்கிறான். யார் சொல்வது சரி?
— சாயர்புரம் வாசகர்

பதில்: பேரன் சொல்வதுதான் சரி ஐயா. மேடைக்கு மேடை சொல்லிச் சொல்லி அந்த வரி நம் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது, நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். ஆனால் கல்லில் இருப்பது வேறு. எழுத்து ஆங்கிலத்தில் இருக்கிறது. பேருக்குக் கீழே 'தென்னிந்தியாவைச் சேர்ந்தவர்' என்று போட்டு, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியின் குருவானவர் என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் முக்கியமான சேதி வருகிறது. கீழைநாட்டு இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் ஆயுள் முழுக்க உழைத்தவர் மீதுள்ள அன்பினால், அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்லை வைத்தார்கள் என்கிறது அது.

எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. கனடாவில் 1820-ல் பிறந்து, 19 வயதில் சென்னைக்கு வந்து, 1840களில் உங்கள் சாயர்புரத்தில் பள்ளிக்கூடம் நடத்தி, தஞ்சாவூர், ஊட்டி, பெங்களூர் என்று சுற்றிவிட்டு இங்கிலாந்தில் போய் 1908 பிப்ரவரியில் இறந்த ஒருவருக்கு, 'தென்னிந்தியாவைச் சேர்ந்தவர்' என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள், அந்தக் கல்லில் நம் ஆட்களின் பங்கும் இருக்கிறது. இத்தனை இருக்கும்போது இல்லாத ஒரு வரியை எதற்குச் சொல்ல வேண்டும்? பேரனிடம் நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகள் லண்டனில் இருக்கிறாள், அடுத்த வருஷம் நான் போகிறேன். போப் ஐயர் கல்லறையைப் பார்க்க ஆசை. அந்த இடம் எப்படி இருக்கும், எப்படிக் கண்டுபிடிப்பது?
— திசையன்விளை வாசகி

பதில்: கட்டாயம் போய்ப் பாருங்கள் அம்மா. லண்டனிலிருந்து ஆக்ஸ்போர்டுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். இறங்கி, வால்டன் தெருவில் உள்ள செயின்ட் செப்பல்கர்ஸ் கல்லறைத் தோட்டம் என்று கேளுங்கள். அந்தப் பேட்டைக்கு ஜெரிக்கோ என்று பெயர், நம் வேதாகமத்தில் எரிகோ என்று வருகிறதே, அதே பெயர்தான்.

அது 1848-ல் உண்டான தோட்டம். அதுவரை அந்த ஊரிலும் நம் பழைய கிறிஸ்தவக் கோயில்களில் நடந்த மாதிரி, ஆலயத்தைச் சுற்றியுள்ள வளவிலேயே அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள். ஊர் பெருத்தது, வளவுகள் நிரம்பிவிட்டன, குழி வெட்டப் புது இடமே இல்லை என்கிற நிலைமை வந்ததும் ஊரின் அன்றைய எல்லை ஓரமாக நிலம் வாங்கினார்கள். அடுத்த ஆண்டே காலரா வந்தது, 1854-ல் மறுபடியும் வந்தது. புது நிலம் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அமைப்பைச் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும், ஏனென்றால் நம் சேகரக் கணக்குதான், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம். செயின்ட் ஜைல்ஸ், செயின்ட் மைக்கேல், மகதலேனா மரியாள், செயின்ட் பால் என்று நான்கு சேகரங்களுக்கு அந்த ஒரே தோட்டம், சேகரத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ஆகவே ஒரு கல்லைத் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, இவர் எந்தச் சேகரம் என்பதைத்தான். தெருப் பக்கம் வாசலில் காவலாளி வீடு ஒன்று உண்டு, அங்கிருந்து பாதை உள்ளே போகும். நடுவில் ஒரு சிற்றாலயம் இருந்தது, அடக்க ஆராதனை அதில்தான் நடக்கும். இப்போது அது இல்லை, இடித்துவிட்டார்கள். புதிதாக யாரையும் அங்கே அடக்கம் செய்வதில்லை, மரமும் புல்லும் வளர்ந்து அமைதியாகக் கிடக்கிறது.

அங்கே போனால் இன்னொரு கல்லையும் தேடுங்கள். பேலியல் கல்லூரித் தலைவராக இருந்த பெஞ்சமின் ஜோவெட், 1893-ல் இறந்தவர், அவரும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார். திருவாசகத்தை மொழிபெயர்க்கும் பேச்சு வந்தபோது, இந்த வயதில் இதை முடிக்கும்வரை இருப்பேனா என்று போப் தயங்கியிருக்கிறார். பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நெடுநாள் வாழ வழி, முடிக்கும்வரை இருப்பீர்கள் என்று ஜோவெட் தோளில் கை வைத்துச் சொன்னாராம். இதைப் போப்பே தன் முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஜோவெட் போய்ச் சேர்ந்துவிட்டார். திருவாசகம் 1900-ல் வெளிவந்தது, முன்னுரையில் போப் போட்டிருக்கும் தேதி ஏப்ரல் 24, அவருடைய எண்பதாவது பிறந்தநாள்.

சமஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லரின் கல்லறையை மட்டும் அங்கே தேட வேண்டாம். அது அதே ஊரில் ஹோலிவெல் என்ற வேறு தோட்டத்தில் இருக்கிறது.

கேள்வி: கால்டுவெல் ஐயரும் இங்கிலாந்தில்தான் அடக்கம் செய்யப்பட்டாரா?
— வள்ளியூர் வாசகர்

பதில்: இல்லை, உங்களுக்குப் பக்கத்திலேயே இடையன்குடியில்தான் இருக்கிறார். 1891 ஆகஸ்ட் 28-ல் கொடைக்கானலில் இறந்தார். அங்கிருந்து உடலைக் கொண்டுவந்து, அவர் கட்டிய திரித்துவ ஆலயத்திலேயே பலிபீடத்தின் அடியில் வைத்தார்கள். பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரக் கோயிலுக்கு அடிபோட்ட மிஷனரி ரேனியஸ் ஐயர் 1838-ல் இறந்தார். அவர் கல்லறை பாளையங்கோட்டை அடைக்கலபுரத்தில் இருக்கிறது. ஆக்ஸ்போர்டுக்குப் போக வழியில்லாதவர்கள் ஒரு நாள் பஸ் ஏறினால் இந்த இரண்டையும் பார்த்துவிடலாம். போகிறவர்கள் கல்லில் உள்ளதை எழுத்து விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். நாளாக நாளாகக் கல்லில் எழுத்து தேய்ந்துகொண்டே போகும்.