கேளுங்கள், சொல்கிறோம்: வேடந்தாங்கல் கரையில் ஒரு மாலை

கேள்வி: மாமியாருக்கு எழுபது வயது, மூட்டுவலி. எட்டு வயது மகனையும் கூட்டிக்கொண்டு வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் போக ஆசை. நிறைய நடக்க வேண்டியிருக்குமா? எப்போது போகலாம்? (வாசகி, தாம்பரம்)

பதில்: தாராளமாகப் போகலாம். நடப்பது ஏரிக்கரை மேல்தான், மேடு பள்ளம் கிடையாது. காவல் கோபுரத்தில் மாமியார் ஏற வேண்டாம். கரையில் நின்றாலே கூடுகள் தெரியும். ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் கூட்டு ரோட்டில் திரும்புங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். ஆனால் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பறவைகள் இங்கே கூடு கட்டுவதே தண்ணீருக்குள் நிற்கும் மரங்களை நம்பித்தான். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் பூனையும் நாயும் மரத்தை நெருங்க முடியாது. மழை பொய்த்த வருஷம் ஏரி வற்றிவிடும், கூடுகளும் இருக்காது.

எங்கள் யோசனை, மாலை 4 மணிக்குக் கரையில் இருங்கள். இரை தேடி சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் போன பறவைகள் அப்போதுதான் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். கரை முழுவதையும் நடந்து முடிக்க வேண்டும் என்று ஓடாதீர்கள். கூடுகள் நெருக்கமாக இருக்கும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, அரை மணி நேரம் அதன் எதிரிலேயே இருங்கள். வெயில் இன்னும் சுட்டால், மஞ்சள் மூக்கு நாரை சூரியனுக்கு முதுகைக் காட்டி, இறக்கையைப் பாதி விரித்துக் குஞ்சுகளுக்குக் குடை பிடிப்பதைப் பையன் பார்க்கலாம். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

கத்தவோ கல் எறியவோ வேண்டாம் என்று பையனிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மிரண்டு தாய்ப்பறவை எழுந்தால், காலியான கூட்டில் காக்கை முட்டையைத் தூக்கிவிடும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இவற்றைக் காத்து வந்திருக்கிறார்கள். 1798-லேயே அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்க எழுத்தில் உத்தரவு தந்திருக்கிறார். அந்த அக்கறை நம் கையிலும் இருக்க வேண்டும்.

கேள்வி: 10x50 பைனாகுலர் வாங்கினேன். படம் ஆடுகிறது, இரண்டு வட்டமாகத் தெரிகிறது. கண்ணாடி போடுபவன் நான். (வாசகர், மதுரை)

பதில்: 10x50-ல் முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது எண் முன் கண்ணாடியின் விட்டம் (மி.மீ.). 10 மடங்கு பெருக்கினால் கை நடுக்கமும் 10 மடங்கு பெருகும். 8x42 இருந்தால் இந்தத் தொல்லை குறையும், எடையும் குறைவு. இருப்பதை வைத்தே சமாளிக்க, முழங்கைகளை விலாவோடு ஒட்டிவையுங்கள், அல்லது தடுப்புக் கம்பியில் ஊன்றுங்கள்.

இரண்டு வட்டத்துக்கு, நடுக் கீலை மெல்ல மடக்கி விரித்து ஒரே வட்டமாக்குங்கள். கண்ணாடி போடுபவர்கள் கண் வைக்கும் ரப்பர் விளிம்பை உள்ளே தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் இருட்டும். அடுத்து, தூரத்து அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். வலக்கண்ணை மூடி, நடுத் திருகால் எழுத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, நடுத் திருகைத் தொடாமல் வலப்பக்க வளையத்தை மட்டும் திருப்புங்கள். இது ஒருமுறை செய்தால் போதும். வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகும் ஒரு பறவை இரண்டாகத் தெரிந்தால், கீழே விழுந்து உள்ளிருக்கும் பட்டகம் (ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டி) நகர்ந்திருக்கும். வீட்டில் கழற்றாதீர்கள், கடைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும் நாரையைப் பார்த்தோம். அலகு உடைந்துவிட்டதா? (வாசகி, செங்கல்பட்டு)

பதில்: உடையவில்லை. அது நத்தை குத்தி நாரை. குஞ்சுக்கு அலகு ஒட்டியே இருக்கும், வளர வளரத்தான் இடைவெளி விழும். நத்தையைத் தரையோடு அழுத்திப் பிடித்து, கீழ் அலகின் கூர் நுனியை ஓட்டுக்குள் விட்டுச் சதையை அறுத்து இழுக்கும். பெரும்பாலும் ஓடு உடையாது. வயல் வரப்பில் நிற்கும் நாரையைக் கண்டால் பைனாகுலரை அலகு நுனியில் வையுங்கள், வேலை நடப்பது அங்கேதான்.