தான்சானியாவில் விலங்குகள், பழங்குடி வாழ்க்கை, வரலாறு மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க எந்த வழியில் போகலாம்?

பத்து நாள் விடுப்பு இருக்கிறது, வழிகாட்டியுடன் ஜீப்பில் போக விருப்பம், சிங்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் மட்டும் போதாது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு பிப்ரவரி மாதம் அப்படிப் போய்வந்தேன். அருஷாவில் கிளம்பி தாரங்கிரே, எயாசி ஏரி, நிகோரோங்கோரோ, ஓல்டுவாய், செரெங்கெட்டி என்று போகும் வழியைத் தயங்காமல் சொல்வேன். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: எயாசியில் இரண்டு இரவு தங்குங்கள்.

அங்கே வாழும் ஹட்சா மக்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். அவர்களில் ஒரு பகுதியினர் இன்றும் வேட்டை, கிழங்கு, தேன் இவற்றை நம்பியே வாழ்கிறார்கள். நாக்கைச் சொடுக்கும் ஒலிகள் நிறைந்த அவர்களின் மொழிக்கு உறவுமொழி எதுவும் நிறுவப்படவில்லை. முதல் நாள் காலை இன்னும் நான்கு ஜீப்கள் வந்திருந்தன. அம்பு எய்து காட்டினார்கள், எல்லோரும் படம் எடுத்தோம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மறுநாள் எங்களைத் தவிர வெளியாட்கள் யாரும் இல்லை. பெண்கள் கூர் சீவிய குச்சியால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தார்கள். ஓசை மாறும் இடத்தில் குந்தித் தோண்டினார்கள். எடுத்த கிழங்கைத் தீயில் சற்றே வாட்டி, தோலை உரித்து என் கையில் ஒரு துண்டு கொடுத்தார் ஒரு பாட்டி. மென்று சாற்றை விழுங்கிவிட்டு நாரைத் துப்ப வேண்டும். நான் நாரையும் விழுங்கப் போனதைப் பார்த்து, தன் வாயைத் திறந்து எப்படித் துப்புவது என்று காட்டினார். அரை நாள் திட்டத்தில் வருபவர்களுக்கு இந்தக் காலைப்பொழுது கிடைப்பதே இல்லை.

பக்கத்திலேயே டடோகா இனக் கொல்லர்கள் இருக்கிறார்கள். ஆட்டுத்தோல் துருத்தியை ஊதி, பழைய பூட்டையும் பித்தளைக் குழாயையும் உருக்கி வளையல் வார்க்கிறார்கள். ஆணியை அடித்து அம்பு முனை செய்கிறார்கள். ஹட்சாக்கள் தேன் கொடுத்து அதை வாங்கிக்கொள்கிறார்கள். மாடு மேய்க்கும் மசாய் மக்கள் வருவதற்கு முன் நிகோரோங்கோரோவில் வாழ்ந்தவர்கள் இந்த டடோகாக்கள்தான் என்பதைத் தெரிந்துகொண்டு மேலே ஏறுங்கள். அப்போதுதான் அடுத்து வருவது புரியும்.

நிகோரோங்கோரோ என்பது சுமார் 600 மீட்டர் ஆழமும் 260 சதுர கிலோமீட்டர் பரப்பும் கொண்ட எரிமலைப் பள்ளம். விளிம்பில் நின்று பார்த்தால் மனிதக் கையே படாத இடம் போலத் தோன்றும். அது உண்மையல்ல. முதல் உலகப் போருக்கு முன்பு ஜீடன்டாஃப் என்ற ஜெர்மானியச் சகோதரர்கள் உள்ளே பண்ணை வைத்திருந்தார்கள். 1959இல் செரெங்கெட்டியிலிருந்து மசாய்களை வெளியேற்றியபோது, நிகோரோங்கோரோவில் மாடுகளோடு வாழலாம் என்று வாக்குக் கொடுத்தார்கள். 1974இல் பள்ளத்துக்குள் குடியிருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள். 2022 முதல் பல குடும்பங்கள் தொலைதூர ம்சொமேராவுக்கு மாற்றப்பட்டு வருகின்றன. நாம் ரசிக்கும் வெட்டவெளிக்கு இவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். இதைப் பற்றிப் பேசத் தயாராக இருக்கும் வழிகாட்டியாக, முடிந்தால் அந்தப் பகுதியைச் சேர்ந்தவராகப் பார்த்துக் கேளுங்கள். எங்களுடையவர் நிகோரோங்கோரோவுக்குப் பக்கத்து ஊரான கராத்துவைச் சேர்ந்தவர். கேட்ட கேள்வி எதையும் அவர் தட்டிக்கழிக்கவில்லை.

அதே 1959 ஜூலையில்தான், கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் தொல்லியலாளர் மேரி லீக்கி சுமார் 17.5 லட்சம் ஆண்டுப் பழமையான ஆதிமனித வகை ஒன்றின் மண்டையோட்டைக் கண்டெடுத்தார். காட்டுக் கற்றாழைக்கு மசாய்கள் சொல்லும் 'ஓல்டுபாய்' என்ற சொல்தான் திரிந்து ஓல்டுவாய் ஆனது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் லேடோலி என்ற இடத்தில் கிடைத்த ஆதிமனிதக் காலடித் தடங்களின் வார்ப்பு இருக்கிறது. மூலத் தடங்களுக்கு 36 லட்சம் வயது. பெரிய தடங்களுக்குப் பக்கத்திலேயே சிறியவை. நான் அங்கிருந்து நகர வெகுநேரம் ஆனது. நிகோரோங்கோரோ பகுதிக்கான நுழைவுச் சீட்டு 24 மணி நேரக் கணக்கு என்பதால் ஓட்டுநர்கள் அவசரப்படுத்துவார்கள்; ஓல்டுவாய்க்கு இரண்டு மணி நேரம் வேண்டும் என்று முன்பதிவின்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

விலங்குகளுக்கு வருகிறேன். யானைக்குத் தாரங்கிரே. ஜனவரி இறுதி முதல் மார்ச் வரை என்றால் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகை விலங்குகள் கன்று ஈனும் இன்டுட்டு சமவெளி. எங்கள் ஜீப்புக்கு முப்பதடி தூரத்தில் ஒரு கன்று பிறந்து விழுந்தது. நான்கு முறை முன்னங்கால் மடங்கிச் சரிந்து, ஐந்தாம் முறை நின்று, தாயின் பின்னால் ஓடியே விட்டது. ஜூலைக்குப் பிறகு போனால் மந்தைகள் வடக்கே மாரா ஆற்றுப் பக்கம் இருக்கும்; அதற்குக் கூடுதலாக இரண்டு நாள் பிடிக்கும். அந்த நாட்களை எயாசியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள்.