ரெம்பிராண்ட் ஏன் கண்ணை மறைத்தார்?

கேள்வி: டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் இளம் வயதில் தன்னையே வரைந்த ஓவியத்தை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். முகத்தில் பாதி இருட்டு, கண்ணே தெரியவில்லை. கண் இல்லாமல் உணர்ச்சி எப்படி வரும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கண் இருக்கிறதம்மா, உடனே அகப்படாது. 1628 வாக்கில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வரைந்த படம் அது. இப்போது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. அவருக்கு வயது 22தான். புத்தகத்தில் பெரிதாகப் போட்டிருப்பார்கள், ஆனால் அசல் 22.6க்கு 18.7 செ.மீ. மரப்பலகை. முதலில் வெளிச்சம் பட்ட கழுத்தும் காதும் கன்னமும்தான் தெரியும். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள், நிழலுக்குள்ளிருந்து பையன் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பான். அவனைத் தேடிக் கண்டுபிடித்தது நாம்தான் என்பதால் படம் நம்மை விடாது.

என் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தத் தலைமுடியை. ஈரம் காயாத வண்ணத்தில் தூரிகையின் காம்பு முனையால் சரசரவென்று கீறியிருக்கிறார். ஒவ்வொரு கீறலும் ஒரு சுருள். எல்லோரும் வண்ணம் பூசி முடி வரைவார்கள், இவர் பூசியதைச் சுரண்டி வரைந்தார். என்ன துடுக்கு!

முகபாவம் காட்டத் தெரியாமல் கண்ணை மறைத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். 1630இல் கண்ணை உருட்டி, வாயைக் குவித்துத் தன் முகத்தையே செப்புத் தகட்டில் பதித்திருக்கிறார். உள்ளங்கைக்குள் அடங்கும் அச்சுப்படம். கண்ணாடி முன் நின்று பழகியவர்தான்.

கேள்வி: இன்னொரு டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸின் ‘சிரிக்கும் கவாலியர்’ (மிடுக்கான சீமான்) படத்தில் இருப்பவர் சிரிக்கவே இல்லையே?
– வாசகர், மதுரை

பதில்: ஆமாம், சிரிக்கவில்லை! 1624இல் வரைந்த அந்தப் படத்துக்கு அந்தப் பெயர் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒட்டிக்கொண்டது. மேல்நோக்கி முறுக்கிய மீசைதான் சிரிப்பு மாதிரி ஏமாற்றுகிறது. அந்தப் படம் இருக்கும் லண்டன் அருங்காட்சியகமான வாலஸ் கலெக்‌ஷன் பக்கம் போனால் முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கைப்பட்டை லேஸுக்குக் கிட்டே போங்கள். வெறும் வெள்ளைத் தீற்றல்கள்தான் இருக்கும். நாலடி பின்னால் வந்தால் லேஸ் ஆகிவிடும்.

கேள்வி: ரெம்பிராண்ட் மாதிரி தூரிகைக் காம்பால் கீறுவதை அக்ரிலிக் வண்ணத்தில் செய்யலாமா?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: செய்யலாம், ஆனால் அவசரப்பட வேண்டும். அக்ரிலிக் சில நிமிடங்களில் இறுகிவிடும். அடிப்பூச்சு வெளிர் நிறமாக, நன்றாகக் காய்ந்து இருக்கட்டும். மேலே கருப்பைக் கைப்பிடி அளவு இடத்துக்கு மட்டும் பூசிக் கீறுங்கள், பிறகு அடுத்த இடம். எண்ணெய் வண்ணம் என்றால் டீ குடித்துவிட்டு வந்தும் கீறலாம்.