காக்கைகளைக் கணக்கெடுத்த மகளுக்கு எந்தப் படிப்பு?

அடுத்து என்ன படிக்க வைப்பது என்று ஆலோசனை கேட்க நீங்களும் உங்கள் கணவரும் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்து போய் மூன்று நாள் ஆகிறது. அன்று உங்கள் கண் கலங்கியதைப் பார்த்து, "கவலைப்படாதீங்கம்மா, வழி இருக்கு" என்று சொல்லி அனுப்பினேன். வீட்டில் முடிவெடுக்கும் நேரத்தில் அந்த ஆறுதல் உங்களுக்கு உதவாது. அதனால் மனதில் பட்டதை முழுதாக எழுதுகிறேன்.

மருத்துவ நுழைவுத் தேர்வை மகள் இரண்டு முறை எழுதிவிட்டாள். இன்னொரு வருடம் கோச்சிங் அனுப்பு என்கிறார் பெரியப்பா. வீட்டை அடமானம் வைத்தாவது பணம் கட்டி டாக்டர் ஆக்கிவிடு என்கிறார் அத்தை. இரண்டுமே வேண்டாம். அடமானம் நிச்சயமாக வேண்டாம். அந்தக் கடனை அடைக்கப்போவது அத்தை இல்லை, உங்கள் மகள்தான். தான் கேட்காத படிப்புக்காகத் தன் இருபதுகளையும் முப்பதுகளையும் அவள் கொடுக்க வேண்டியிருக்கும்.

அவளுக்கு என்ன வேண்டும் என்பது அந்த நோட்டிலேயே இருக்கிறது. "படிக்கச் சொன்னா இதைத்தான் எழுதிட்டு உக்காந்திருக்கா" என்று கூச்சத்தோடு எடுத்துக் காட்டினீர்களே, அதுதான். பதினொரு நாட்கள் தொடர்ந்து செத்து விழுந்த காக்கைகளைக் கணக்கெடுத்திருக்கிறாள். தேதி, எந்த மரத்தடி, இறக்கை தொங்கியிருந்ததா, குஞ்சா பெரிதா, எல்லாம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: "அதே மரத்தில் இருக்கும் புறாக்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?" நோய் எப்படி, யாரிடம் பரவுகிறது என்று ஆராயும் நோய்ப்பரவலியல் படித்தவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, என்ன வித்தியாசம்? யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளுக்கு அது தோன்றியிருக்கிறது.

பல் மருத்துவம், நர்சிங், பார்மசி பற்றியெல்லாம் உறவினர்கள் போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். நான் பேச வந்தது காட்டுயிர் நோயியலைப் பற்றி. காட்டு விலங்குகள் எதனால் நோயுறுகின்றன, அந்த நோய் எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கிற துறை அது.

பெயரைச் சொன்னதுமே உங்கள் கணவர், "யானைக்கு மயக்க ஊசி போடுற வேலையா?" என்று கேட்டார். அதுவும் உண்டு, ஆனால் அது சிறு பகுதிதான். 2015 மே மாதம் கசகஸ்தான் புல்வெளியில் சைகா மான்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சுமார் மூன்று வாரத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல். அங்கே ஊசியோடு ஒருவர் நின்றிருந்தால் என்ன செய்ய முடியும்? தேவைப்பட்டவர்கள் வேறு. உடலைத் திறந்து பார்த்தவர்கள், பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா ரத்தத்தில் பரவிக் கொன்றது என்று கண்டார்கள். அதே கிருமி ஆரோக்கியமான மான்களின் தொண்டையிலும் தொந்தரவு தராமல் வாழ்கிறது. பிறகு ஏன் திடீரென்று கொன்றது? வானிலைப் பதிவுகளை எடுத்துக் கணக்குப் போட்டபோது, சாவுக்கு முந்தைய நாட்களில் வழக்கத்துக்கு மாறான வெப்பமும் ஈரப்பதமும் இருந்தது தெரிந்தது. பாதி விடை கத்தியிலும் நுண்ணோக்கியிலும் கிடைத்தது, மீதி புள்ளியியலில் கிடைத்தது.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தெற்காசியாவில் பிணந்தின்னிக் கழுகுகளில் மூன்று இனங்கள் 1990களில் தொடங்கி 95 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. ஏதோ வைரஸ் என்றுதான் பலரும் சந்தேகப்பட்டார்கள். பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை மருத்துவரின் குழு செத்த கழுகுகளைத் திறந்து பார்த்தது. சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்திருந்தது. தொற்றுக்கான சோதனைகளில் எதுவும் அகப்படவில்லை. அப்புறம் அவர்கள் கழுகு என்ன தின்கிறது என்று யோசித்தார்கள். செத்த மாடு. அந்த மாட்டுக்கு என்ன மருந்து கொடுக்கிறார்கள்? கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் போய் விசாரித்தார்கள். விசாரணை டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணியில் போய் முடிந்தது. 2004இல் அந்த ஆய்வு வெளியானது; 2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைக்கான அந்த மருந்தைத் தடை செய்தன. உங்கள் மகளின் நோட்டைப் படித்தபோது எனக்கு இந்த விசாரணைதான் நினைவுக்கு வந்தது.

அன்றாட வேலை எப்படி இருக்கும் என்றும் கேட்டீர்கள். விலங்கு செத்துக் கிடக்கிறது என்று தகவல் வரும். அழுகுவதற்குள் போய்ச் சேர வேண்டும். ஆனால் போனவுடன் கத்தியை எடுக்கக் கூடாது. ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய பாக்டீரியா நோயாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் உடலைத் திறக்கவே கூடாது. காற்றுப் பட்டால் அந்தக் கிருமி வித்துகளாக மாறி வருடக்கணக்கில் மண்ணில் கிடக்கும். முதலில் ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சந்தேகம் இல்லையென்றால் உடற்கூறாய்வு. ஒவ்வொரு உறுப்பிலும் ஒரு துண்டு ஃபார்மலின் என்ற, அழுகாமல் காக்கும் திரவத்தில், இன்னொரு துண்டு குளிர்ப்பெட்டியில். ஃபார்மலினில் போட்டதிலிருந்து உயிருள்ள வைரஸை எடுக்க முடியாது. உறைய வைத்ததில் செல்கள் சிதைந்து நுண்ணோக்கியில் தெளிவு இருக்காது. அதனால் இரண்டும் வேண்டும். இடமும் நேரமும் லேபிளில் இல்லையென்றால் அவ்வளவு உழைப்பும் வீண். பதினொரு நாள் விடாமல் தேதி போட்டு எழுதிய பெண்ணுக்கு இந்தப் பொறுமை தானாக வரும்.

போகும் வழி இரண்டு. கால்நடை மருத்துவம் படித்து, மேற்படிப்பில் நோயியலோ நோய்ப்பரவலியலோ எடுப்பது ஒன்று. உடலைத் திறக்க வேண்டும், விலங்கைக் கையாள வேண்டும் என்றால் இதுதான். கால்நடை மருத்துவத்தை 'டாக்டர் சீட் கிடைக்காதவர்களின் படிப்பு' என்று பெரியப்பா சொன்னதாகச் சொன்னீர்கள். அது தவறு. ஒரே உடலைப் படிக்கிறவர் மனித மருத்துவர். மாடு, நாய், குதிரை, கோழி என்று பல உடல்களைப் படிக்க வேண்டியவர் கால்நடை மருத்துவர். இரண்டாவது வழி, விலங்கியலோ நுண்ணுயிரியலோ படித்து, கூடவே புள்ளியியலை ஆழமாகக் கற்று, நோய்க்கும் சூழலுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் நோய்ச் சூழலியலுக்குப் போவது. செலவும் பெரும்பாலும் குறைவு. கணக்கு பிடிக்கும் என்று அவள் சொன்னதால் இதையும் சமமாக வைத்து யோசியுங்கள்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். நிரந்தர வேலைகள் குறைவு. ஆரம்ப வருடங்கள் ஒப்பந்தத்தில்தான் ஓடும். மனித மருத்துவருக்கு வருகிற வருமானம் வராது. தினமும் சாவைப் பார்க்க வேண்டும். மேற்படிப்புக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் போகலாம்; கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால் வேறு இடத்துக்கு விண்ணப்பிக்கட்டும். பணம் வாங்கிக்கொண்டு புலிக்குட்டியைத் தூக்கவிட்டுச் சான்றிதழ் தரும் 'தன்னார்வ' முகாம்களுக்கு ஒரு காசும் கட்டாதீர்கள். அதற்குப் பதில் ஒரு கால்நடை மருத்துவமனையில் விடுமுறை முழுக்க அவள் கூட நின்று வேலை பழகட்டும். ரத்தமும் நாற்றமும் அவளுக்கு ஒத்துவருகிறதா என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். வரவில்லை என்று அவளே சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். செத்த பறவையை அவள் வெறுங்கையால் தொடக் கூடாது. பறவைக் காய்ச்சல் வைரஸ் அப்படியும் மனிதருக்கு வரும். எட்ட நின்று படம் எடுத்து, உள்ளூர் கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லட்டும். அந்தப் பதினொரு நாள் பதிவையும் சேர்த்துக் கொடுக்கட்டும். அவர்களுக்கு அது பயன்படும்.

கோச்சிங் சென்டருக்கு முன்பணம் கட்டும் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்றீர்கள். கட்டாதீர்கள். அதற்கு முன்னால் மகளை மட்டும் என்னிடம் அனுப்புங்கள். வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.