முடிச்சு 2/24: கருப்பை எடுத்த பிறகும் கதிர்வீச்சு எதற்கு?

கேள்வி: பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் என் அம்மாவுக்கு வயது 48. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக மதுரையில் கருப்பையை எடுத்தார்கள். வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை என்கிற அறிக்கையிலேயே ‘நிணநீர் முடிச்சு 2/24’ என்றும் இருக்கிறது. இனிக் கதிர்வீச்சும் மருந்தும் வேண்டும் என்கிறார்கள். எல்லாம் எடுத்த பிறகு எதற்கு? அம்மா மறுபடி கடலில் இறங்கலாமா?

பதில்: இடுப்புக்குழியின் இரத்தக் குழாய்களை ஒட்டியிருந்த 24 முடிச்சுகளை நுண்ணோக்கியில் பார்த்ததில், இரண்டில் புற்றணுக்கள் இருந்தன என்பதே அதன் பொருள். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது என்போமே, அதே வகை முடிச்சுகள்தாம். ஆழத்தில் இருப்பதால் கைக்குத் தட்டுப்படா, நோய் சிறிதளவே இருந்தால் ஸ்கேனிலும் தப்பிவிடும். அறுவை செய்ததால்தான் இது வெளியே வந்தது.

2018ஆம் ஆண்டின் நோய்நிலை வகைப்பாட்டில் இது 3சி1. மூன்றாம் நிலை என்றதும் மனம் உடைய வேண்டாம். சிகிச்சை இன்னும் குணப்படுத்தும் நோக்கிலேயே செய்யப்படுகிறது. வயிற்றுப் பெருந்தமனியை ஒட்டிய முடிச்சுகளில் நோய் இருந்தால் அது 3சி2. கதிர்வீச்சு தரும் பரப்பும் மேலே நீளும். அந்த இடத்தையும் பார்த்தார்களா என்று அவசியம் கேளுங்கள்.

முடிச்சுவரை வந்த அணுக்கள், எடுக்க இயலாத நுண்ணிய நிணநீர்க் குழாய்களிலும் தங்கியிருக்கலாம். இத்தகைய ஆபத்துக் காரணி உள்ளவர்களிடம் நடந்து 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அறுவைக்குப் பின் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் நான்கு ஆண்டுக்குப் பிறகு 100க்கு 71 பேரும், மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 81 பேரும் உயிரோடிருந்தார்கள். ஆகவே இரண்டில் ஒன்று போதும் என்று நீங்களாக முடிவெடுத்துவிடாதீர்கள்.

வாரம் ஐந்து நாளாக ஏறத்தாழ ஐந்து வாரம் கதிர்வீச்சும், பெரும்பாலும் வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் தருவார்கள். அந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் ஒவ்வொரு முறையும் இரத்தப் பரிசோதனை உண்டு. அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. பாம்பனிலிருந்து தினமும் போய்வருவது உடம்புக்கு ஆகாது, மதுரையிலேயே தங்க வழி பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இன்றே காட்டுங்கள்.

சிகிச்சை முடிந்து, உள்காயம் ஆறிவிட்டது என்று மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை கடல் வேண்டாம். அதன் பிறகு இறங்கலாம். ஆனால் முடிச்சுகள் எடுக்கப்பட்டதாலும் கதிர்வீச்சாலும் காலில் நிணநீர் தேங்கி, மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்தும் வீங்கலாம். பாசி எடுக்கும் பெண்கள் விரல்களுக்குத் துணி சுற்றிக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு அதைவிடப் பாதம்தான் முக்கியம். பாறை கீறிய சிறு காயத்தில் கிருமி புகுந்தாலே வீக்கம் நிலைத்துவிடக்கூடும். பாதம் மூடிய ரப்பர்க் காலணி அணியட்டும். கரையேறியதும் நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு கழுவி, விரலிடுக்குவரை துடைக்க வேண்டும். இப்போதே கணுக்காலிலும் முழங்காலுக்குக் கீழேயும் நூலால் அளந்து முடிச்சிட்டு வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அதே இடத்தில் சுற்றிப் பாருங்கள். நூல் எட்டாமல் போனால் மருத்துவரிடம் காட்டுங்கள். கால் சிவந்து, சுட்டு, காய்ச்சலும் கண்டால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.